என்ன சோலிக்கு, மருமவனே?

நாளைக்கு விடியக்காலம் கத்தி வாங்கப் புறப்படுகியாமே, மருமவனே. மாமி சொன்னா. சொல்லும்போதே அவளுக்கு மொகமெல்லாம் பல்லு. அடுக்களைக்குப் பொறத்தால கிடக்க வெட்டுக்கத்தி தேஞ்சு தேஞ்சு பாதியாப் போச்சு இல்லியா, பெங்களூர்ல இருந்து வந்த பய புதுசா ஒண்ணு வாங்கிட்டு வரப்போறான்னு அவ நெனச்சுட்டா. நான்தான் வெளக்கம் சொன்னேன். “அவன் வெட்டுகதுக்கு வாங்கல, வைக்கதுக்கு வாங்குகான்”னேன். “வைக்கதுக்கா? வச்சுட்டு?”ன்னு கேட்டா. “வச்சுட்டுப் பாப்பான்”னேன். அதுக்கு மேல அவ ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் களிச்சு, “பயலுக்குச் சம்பளம் எவ்வளவு?”ன்னு மட்டும் கேட்டா.

நான் ஒன்னைக் குத்தம் சொல்லல, கேட்டியா. மனுசனாப் பெறந்தா ஏதாவது ஒரு கோட்டி வேணும். ஒருத்தன் தபால்தலை சேக்கான், ஒருத்தன் பழைய காசு சேக்கான். நம்ம ஆளுக தலைமுறை தலைமுறையா வழக்கு சேத்தானுவ. வரப்பு வழக்கு, வாய்க்கா வழக்கு, மாமரத்துக்க கொம்பு அடுத்தவன் முத்தத்துல நீண்ட வழக்குன்னு, நாகர்கோவில் கோர்ட்டுல நாஞ்சில் நாட்டான் சேத்து வச்ச கட்டை எடுத்துக் கொளுத்தினா ஒரு கல்யாணத்துக்குச் சோறு பொங்கலாம். அதுக்குக் கத்தி எவ்வளவோ கொள்ளாம். வக்கீலுக்குத் துட்டு குடுக்காண்டாம், வாய்தா கிடையாது.

அண்ணைக்கு போனுல ஒரு படம் காட்டினியே, அமெரிக்காவுல அட்லாண்டான்னு. ஜூன் மாசத்துல கூடுக கத்திக் கண்காட்சி. குளுகுளு மண்டபம், வரிசையா மேசை, மேசை மேல துணி, துணி மேல கத்தி. வந்தவன் எல்லாம் ஒண்ணை எடுக்கான், வெளிச்சத்துல சரிச்சுப் பாக்கான், மடக்குகான், விரிக்கான், பைய வச்சுட்டு அடுத்த மேசைக்குப் போறான். ஒருத்தனாவது ஒரு வெண்டைக்கா நறுக்கிப் பாக்கணுமே! வெட்டுப் போட்டியும் உண்டுன்னு சொன்ன. கயிறை வெட்டுகான், தண்ணிக்குப்பியை வெட்டுகான், கட்டையை ரெண்டா வெட்டுகான். சரி, வெட்டின கட்டையை அடுப்புக்காவது கொண்டு போனானா? அங்கினயே போட்டுட்டுப் போயிட்டான். ஜப்பான்ல செகின்னு ஒரு ஊரு, அக்டோபர் மாசம் அங்க கத்தித் திருவிழான்னும் சொன்ன. அவன் எழுநூறு வருசமா வாளும் கத்தியும் அடிச்ச ஊருக்காரன், கொண்டாடட்டு. அவனுக்கு அதுக்கு அவகாசம் உண்டு.

நம்ம ஜில்லாவுல அப்பிடி மண்டபம் எங்கன்னு தேடாத. நம்ம கத்திக் கண்காட்சி ரோட்டுலயாக்கும். சுசீந்திரம் தேரோட்டம், கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, மாசியில மண்டைக்காட்டுக் கொடை. வளையக்கடைக்கும் ஈத்தம்பழக் கடைக்கும் நடுவுல ஒருத்தன் சாக்கை விரிச்சு அருவாமனை, பிச்சாத்தி, தேங்காத்துருவி எல்லாம் பரப்பி வச்சிருப்பான். வாங்க வாற பொம்பளைக கிட்ட ஒரு பத்து நிமிசம் நின்னு கவனி, அட்லாண்டாவுல கிடைக்காத படிப்பு கிடைக்கும். அருவாமனையைத் தரையில வச்சு ஒரு ஆட்டு ஆட்டுவா. ஆடிச்சுன்னா அடுத்ததை எடுப்பா. அவளுக்கு எந்த நாட்டு ஸ்டீலுன்னு கவலை இல்ல. வெளுப்பாங்காலத்துல பாதித் தூக்கத்துல உக்காந்து அவியலுக்குக் காய் நறுக்கணும், மனை ஆடினா வெரலு போவும். அதாக்கும் அவளுக்க கணக்கு.

இப்போ திருவிழா ஒண்ணும் இல்ல. அதனால நீ சந்தைக்குத்தான் போகணும். வடசேரி கனகமூலம் சந்தையில தொடங்கு, பொறவு தக்கலை, குலசேகரம், மார்த்தாண்டம், திரும்புகாலுல திங்கள்சந்தைன்னு ஒரு சுத்து வந்துரலாம். திருப்பாச்சேத்தி அருவாளும் வேணும்னு ஒரு ஆசை ஒனக்கு உண்டுன்னு தெரியும். அது சிவகங்கை ஜில்லா, வைகைக்கரை. ஒரு நாள் சோலிக்கு ஒக்காது. அந்த அரைக்கால் டவுசரைப் போட்டுட்டுப் போனா சினிமாக்காரன்னு நெனச்சு அட்டைக்கத்தி இருக்க கடைக்கு வழி சொல்லிருவானுவ.

டவுசர்னதும் நெனவு வந்துது. வேட்டி கட்டிட்டுப் போ. பட்டறையில ஆசாரியைப் பாத்து ‘ப்ரோ’ன்னு விளிக்காத. ‘அண்ணாச்சி’ன்னு விளி. போனதும் போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டாத. முதல்ல உக்காரு. துருத்தி இருந்த இடத்துல இப்போ மின்சாரக் காத்தாடி ஓடுகு, சிரட்டைக்கரி விலை ஏறிப்போச்சு, பய ஒருத்தனும் சம்மட்டி பிடிக்க வாறதில்ல, வெல்டிங்குக்கும் வெளிநாட்டுக்கும் போயிட்டானுவன்னு அவரு சொல்லுவாரு. எல்லாத்துக்கும் தலையாட்டு. பொறவு கத்தியைப் பாரு.

இங்கதான் நீ மாட்டப்போற. எடுத்த எடுப்புல “எந்த ஸ்டீலு அண்ணாச்சி?”ன்னு கேப்ப. அவரு “லாரி”ம்பாரு. நீ முழிக்காத. லாரிக்க அடியில அட்டடுக்கா இருக்க வில்லுப் பட்டை, அதை வாங்கித் துண்டு போட்டுத்தான் நம்ம பக்கம் வெட்டுக்கத்தியும் அருவாளும் அடிக்கது. நூத்துக்கு அரை பங்குக்குக் கொஞ்சம் மேல கரி சேந்த உருக்கு. வளையும், ஆனா நெனச்சதும் நிமிரும். நீ வாய் நெறைய 5160ன்னு ஒரு நம்பரு சொல்லுவியே, அமெரிக்காக்காரன் தடிக்கத்தி அடிக்க எடுக்க உருக்குன்னு. அதுவும் வண்டிக்க வில்லுக்கு உண்டாக்கினதுதான். அவன் நம்பரு குத்தி விக்கான், இவரு ஆயுசுக்கும் பழனிக்கும் பம்பாய்க்கும் ஓடிக் களிச்ச பட்டையில அடிக்காரு. ஒன் கத்தி ஒன்னை விட ஊரு பாத்திருக்கும்.

நீ ஸ்டீலைக் கேட்டு முடிச்சதும் அவரு ஒண்ணு கேப்பாரு: “என்ன சோலிக்கு?”

லேசான கேள்வின்னு நெனைக்காத. வாத்தியாரு கேட்ட கேள்விக்கு எல்லாம் முந்திரிக்கொட்டையா முன்னால எந்திச்சுப் பதில் சொன்னவன் நீ. இதுக்கு ஒன்னால எந்திக்க முடியாது. “சும்மா அண்ணாச்சி, வீட்டுல வைக்க”ன்னு சொல்லிப் பாரு. அவரு ஒன்னை மேலயும் கீழயும் பாப்பாரு. பொறவு சுவத்துல தொங்குகதுல ரொம்ப நாளாப் போகாம இருக்கதை எடுத்து ஒன் தலையில கட்டுவாரு. அது அவருக்க குத்தம் இல்ல. சோலி தெரியாம அவரால கத்தி அடிக்க முடியாது. ஏன்னு சொல்லுகேன், இதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளு.

பட்டறை ஏன் இருட்டாக் கிடக்குன்னு யோசிச்சிருக்கியா? நீ போட்டோ சரியா விழலைன்னு சங்கடப்பட்டிருப்ப. இரும்புக்க நெறம் பாக்கணும் மக்கா, அதுக்காக்கும் இருட்டு. வெயிலு உள்ள வந்தா சூடு தெரியாது. உலையில வச்சு ஊதி, செக்கச் செவேல்னு ஆகி, காந்தம் கிட்டக் கொண்டு போனாலும் ஒட்டாத ஒரு சூடு உண்டு. 770 டிகிரின்னு படிச்சவன் சொல்லுகான். அதையும் கொஞ்சம் தாண்டினதும் எடுத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணியில முக்குவாரு. துவைச்சல்னு சொல்லுகது இதைத்தான். வாய் அப்பிடியே இறுகிரும். ஆனா அந்த நெலையில கொண்டு போயி ஒரு தேங்காயில போட்டியானா சில்லு சில்லாத் தெறிக்கும், அவ்வளவு வெறைப்பு. முதுகுல சூடு இன்னும் மிச்சம் இருக்கும். வாயை லேசாத் தேச்சு வெளுப்பாக்கிட்டு அவரு சும்மா பாத்துட்டு இருப்பாரு. முதுகுச் சூடு பைய வாய்க்கு எறங்கும். எறங்க எறங்க நெறம் மாறும். முதல்ல வைக்கோல் மஞ்சள், பொறவு தவிட்டு நெறம், பொறவு ஊதா, கடைசியில நீலம். மஞ்சள்ல நிறுத்தினா வாய் கடுசு, மழிக்கலாம். ஆனா தட்டினா உதிரும். நீலத்துக்கு விட்டா பதம் எளகிரும். வெறவு பொளக்கலாம், முட்டினாலும் தாங்கும், கூர்மை சீக்கிரம் போவும். எந்த நெறத்துல மறுபடியும் தண்ணியில முக்கணும்னு தீர்மானம் பண்ணத்தான் அவரு கேக்காரு, என்ன சோலிக்குன்னு. வைக்கதுக்கு எந்த நெறம்? அப்பிடி ஒரு நெறம் உலையில இல்ல.

சோலி சொன்னா கத்தி தானா வந்து நிக்கும். தேங்காத் தொண்டு உரிக்க, சக்கை பொளக்க, மட்டை வெட்ட வெட்டுக்கத்தி. முதுகு தடிச்சு, தலைப்பக்கம் கனம் கூடி இருக்கும். நீ ஓங்கினாப் போதும், மிச்ச வேலையை அந்தக் கனம் பாத்துக்கிடும். மீனுக்கு வேற. குளச்சல்லயோ முட்டத்துலயோ போயி சூரை வெட்டுகவளுக்க கத்தியைப் பாரு, தூத்தூர்க்காரன் ஆழக்கடல்ல சுறா பிடிச்சு அறுக்கதைப் பாரு. கிட்ட நின்னு பாக்காத, தெறிக்கும். கதிரருவா வேணும்னா சீக்கிரம் வாங்கிக்க. உளியால ஒவ்வொரு பல்லாக் கொத்தி எடுத்த கருக்கருவா. இப்போ கன்னிப்பூவும் கும்பப்பூவும் மெசினு அறுக்கு, கருக்கருவா கேக்க ஆளில்ல. ஒன்ன மாதிரி ஆளுக்குத்தான் இனி அது.

ரெண்டு கத்தியைப் பத்தி மட்டும் கேலி பண்ணாமச் சொல்லுகேன். ஒண்ணு பனையேறிக்க பாளையருவா. காலையும் சாயந்திரமும் பனையில ஏறி, பாளை முனையில தொலி அளவுக்கு ஒரு சீவு சீவுவான். அந்தச் சீவுலதான் அக்கானி ஊறி, சுண்ணாம்பு தடவின கலயத்துல எறங்கும். கத்தி கொஞ்சம் மழுங்கினா பாளை நசுங்கும், ஊத்து அடைஞ்சு போவும், அந்தப் பனையில ஏறினது வீண். அதனால பலகையில வெங்கச்சங்கல்லுப் பொடியைத் தூவி, தேச்சுத் தேச்சு, வாய் எங்க முடியுகுன்னு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தீட்டுவான். பழைய பாளையருவா ஒண்ணு கிடைச்சா ஷோகேசுக்குக் கொள்ளாம்னு நீ அண்ணைக்குச் சொன்ன. கிடைக்காது மக்கா. பனை ஏறுகவன் தர மாட்டான், ஏறாதவன் வீட்டுல அது துருப்பிடிச்சு எறவாணத்துல இருக்கும். துரு வேணும்னா நம்ம வீட்டுலயே நெறைய உண்டு.

மத்தது ரப்பர் வெட்டுக கத்தி. குலசேகரத்துல இறங்கி விசாரி. மிச்சி கோலெட்ஜ்னு வெள்ளக்காரப் பேரு அதுக்கு. அரசு ரப்பர் கழகம் வந்தது 1984-ல; கீரிப்பாறை, மைலாறு, சிற்றாறு, கோதையாறுன்னு காடு முழுக்க அந்த மரந்தான். மரம் ஏழு வருசம் போல வளரணும், ஒண்ணேகால் மீட்டர் ஒசரத்துல சுத்தளவு 50 சென்டிமீட்டர் வரணும், பொறவுதான் கத்தி வைக்கலாம். விடியுமுன்ன தலையில லைட்டைக் கட்டிட்டுப் போவானுவ, வெயிலு ஏறினா பால் கொறஞ்சு போவும். வெட்டு எடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் தாழ்ந்து 30 டிகிரி சரிவா வரணும். பால் ஓடுக குழாய் தொலிக்குள்ள வலத்த சாஞ்சு மேல ஏறுகு, எடம் ஒசந்த வெட்டுல அதிகம் குழாய் அறும்னு கணக்கு. ஒரு வெட்டுக்கு ஒண்ணரை மில்லிமீட்டர் தொலி. தொலிக்கும் தடிக்கும் நடுவுல ஒரு எளங்கூறு உண்டு, அதுல பட்டுராம ஒரு மில்லிமீட்டருக்கு இங்கால நிக்கணும். பட்டா அந்த இடம் முண்டு முண்டா வீங்கி, பொறவு தொலி வளந்தாலும் கத்தி ஓடாது. இதை அரை இருட்டுல, மரம் மரமா ஓடிப்போயி செய்யுகவனுக்கு ஒன் அட்லாண்டாவுல ஒரு கோப்பை குடுத்தா நான் கை தட்டுவேன். நீ அதை வாங்கு, வேண்டாங்கல. ஆனா ஒன் பிளாட்டு வாசல்ல சட்டியில ரப்பர் செடின்னு ஒண்ணு வச்சிருக்கானுவளே, அதுல போயி வெட்டிராத. அது வேற மரம். அசோசியேசன்காரன் பைன் போடுவான்.

அந்த டமாஸ்கஸ் கத்தி சங்கதியை மாமிகிட்ட நான் இன்னும் சொல்லல. பதினஞ்சாயிரமோ என்னமோ குடுத்தியாமே, தகடெல்லாம் தண்ணி அலை ஓடுகுன்னு. ரெண்டு விதமான உருக்கை மாத்தி மாத்தி அடுக்கிச் சேத்து அடிச்சு, ஆசிட்ல முக்கினா ஒண்ணு கறுக்கும், ஒண்ணு வெளுக்கும், அலை வந்துரும். கைவேலைதான், குத்தம் சொல்லல. ஆனா பழைய காலத்து டமாஸ்கஸ் வாளுக்கு அலை வந்தது அப்பிடி அடுக்கினதுனால இல்ல. நம்ம தெக்கத்தி நாட்டுல இருந்து கப்பல்ல போன உருக்குக் கட்டியில அது உள்ளயே இருந்துது. எப்பிடி உருக்கினானுவன்னு ஹீத்னு ஒரு வெள்ளக்காரன் 1830-கள்ல எழுதி வச்சிருக்கான். பரங்கிப்பேட்டையில இரும்பு ஆலை வச்ச ஆளு. மண் கோப்பையில இரும்புத் துண்டு, ஆவாரங்கொம்பு, மேல எருக்கிலை, வாயைக் களிமண்ணால அடைச்சு உலையில வை. அவ்வளவுதான் சரக்கு. லண்டன்ல பாரடேன்னு ஒருத்தன் 1819 வாக்குல இந்த உருக்கை உடைச்சு உடைச்சுப் பாத்தான், இதுல என்ன கலந்திருக்குன்னு. கரண்டுக்குப் பேரு போன அதே பாரடேதான். அப்பன் கொல்லன், அந்த வாசனை விடுமா? இப்போ வந்த ஆராய்ச்சிக்காரனுவ, தாதுல இருந்த வனேடியம்னு ஒரு துளிச் சரக்குதான் அலைக்குக் காரணம்னு சொல்லுகானுவ. எருக்கு நம்ம வயக்கரையில சும்மா வளருகு. ஆவாரை தோவாளைப் பக்கம் மலையடிவாரத்துல கிடக்கு. நீ பதினஞ்சாயிரத்தைக் கண்ணால காணாத ஒருத்தனுக்கு அனுப்பிட்டு, கொரியர் வரலைன்னு ராத்திரி உறங்காம இருந்திருக்க.

இரும்புக்கும் நமக்கும் உள்ள ஒட்டு இண்ணைக்கு நேத்து உள்ளது இல்லன்னு நீயே சொல்லுவ, தெரியும். தூத்துக்குடி ஜில்லா சிவகளையில கிடைச்ச இரும்புக்கு 5300 வருசம்னு 2025 ஜனவரியில சர்க்காரு அறிக்கை வந்துதே, நானும் பேப்பர்ல படிச்சேன். அதுக்குப் பக்கத்துல ஆதிச்சநல்லூர். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரியான்னு ஒருத்தன் தோண்டினான். தாழி தாழியா எடுத்தான், தாழிக்குள்ளயும் பக்கத்துலயும் வாளு, கத்தி, ஈட்டி. பாத்தியா மாமா, அந்தக் காலத்துலயும் வெட்டாத கத்தியை வச்சிருக்கானேன்னு வாதம் பண்ணுவ. வச்சது செத்தவன் பக்கத்துல மருமவனே. அதுவும், போற எடத்துல அவனுக்கு ஏதாவது சோலி இருக்கும்னு நெனச்சு வச்சது.

எதையும் வெட்டாம மரியாதை வாங்குக கத்தி நம்ம ஜில்லாவுல ஒண்ணே ஒண்ணு உண்டு. தக்கலையில எறங்கி பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடந்துரு. 1956-ல ஜில்லா நம்ம பக்கம் வந்தாலும் அரண்மனை கேரளத்துக்காரனுக்க கையிலதான். ஒவ்வொரு வருசமும் நவராத்திரிக்கு முன்ன அங்க உப்பரிகை மாளிகையில மன்னருக்க உடைவாளைக் கைமாத்துவானுவ. வாளு முன்னால போவும். தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை எல்லாம் பின்னால போவும். ரெண்டு மாநிலத்துப் போலீசும் வெறைப்பா நின்னு துப்பாக்கி பிடிச்சு மரியாதை குடுப்பான். திருவனந்தபுரம் போயி, பூசை முடிஞ்சு, திரும்ப வரும். வெட்டாத வாளுதான், ஆனா வருசம் தவறாம நடக்கு பாரு. ஒன் கத்தி எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால வருசம் முழுக்க உக்காந்திருக்கு. பொம்மைக் கொலுவுக்காவது ஒம்பது நாள்ல எறக்கம் உண்டு.

பக்கத்துலயே புலியூர்க்குறிச்சியில உதயகிரிக் கோட்டை. 1741-ல குளச்சல்ல பிடிபட்ட டச்சுக்காரன் டிலனாய் பீரங்கி வார்த்த எடம், அவனுக்க கல்லறையும் அங்கினதான். போனாப் பாரு, போகலைன்னாலும் பரவாயில்ல. அங்க விலைக்கு ஒண்ணும் கிடையாது.

வாங்கும்போது பாக்க வேண்டியதைச் சொல்லிருகேன். வெரல் நுனியில தொங்க விட்டுத் தட்டு. கிண்ணுன்னு இழுத்துக் கேக்கணும். சத்தம் பாதியில செத்தா உள்ள எங்கயோ கீறல் உண்டு. வாயைக் கண்ணுக்கு நேரா வச்சு ஒரு கண்ணை மூடிப் பாரு, கோணல் தெரியும். வாய்ல எங்கயாவது வெளிச்சம் வெள்ளையா மின்னினா அந்த இடம் மழுங்கல். பிடிக்குள்ள வால் எவ்வளவு தூரம் போயிருக்கு, பூண் இறுக்கமா இருக்கான்னு பாரு. வாய்ல கட்டை வெரலை ஓட்டி ஓட்டி வீரம் காட்டாத. அதைப் பாத்து ஆசாரி சிரிப்பை அடக்கிட்டு, விலையை ஏத்துவாரு. பேரம் பேசு, ஆனா உலை எரியுகப்போ பேசாத. கத்தியைக் கையில இருந்து கைக்கு வாங்காத, சண்டை வரும். அவரு கீழ வைப்பாரு, நீ எடு. முக்கியமா, வாங்கின எடத்துலயே ஒரு கட்டையை வெட்டிக் காட்டச் சொல்லு. புதுக்கத்தியில கீறல் விழும்னு ஒனக்கு நெஞ்சு பதறும். பதறட்டு.

இனி சட்டம். சிரிக்காத. 1959 ஆயுதச் சட்டமும் அதுக்குக் கீழ உள்ள விதியும் நான் படிச்சவனாக்கும். 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்தியை ஆயுதக் கணக்குல சேத்திருக்கான். ஆனா வீட்டுச் சோலிக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் உண்டானதுக்கு விலக்கு உண்டு. மாமிக்க வெட்டுக்கத்தி அகலத்துல ஒன் எல்லாக் கத்தியையும் முழுங்கிரும், அதுக்குக் கேள்வி கிடையாது. சக்கைக்க பால் ஒட்டின கறையே அதுக்கு லைசென்ஸ். நீ ஷோகேசுல வச்சிருக்கியே ரெண்டு பக்கமும் வாய் உள்ளது, அதுக்கு என்ன சொல்லுவ?

அது மட்டுமில்ல. 2021 செப்டம்பர்ல தெக்கத்தி ஜில்லாவுல கொலை மேல கொலை விழுந்த சமயம், அப்போ டி.ஜி.பி.யா இருந்த சைலேந்திர பாபு, நம்ம விளவங்கோட்டுக்காரரு, கத்தி அருவா அடிக்கவனும் விக்கவனும் வாங்குக ஆளுக்க பேரு, விலாசம், போன் நம்பரு, என்ன காரியத்துக்குன்னு எல்லாம் எழுதி வைக்கணும், காமிராவும் மாட்டணும்னு சொல்லியாச்சு. ஆசாரி கேக்க அதே கேள்வியைப் போலீசும் கேக்கு பாத்தியா? நோட்டை நீட்டினா நீ என்ன எழுதுவ? ‘சேகரிக்க’ன்னு எழுதினியானா, ஒரே நாள்ல அஞ்சு பட்டறையில அஞ்சு கத்தி சேகரிச்ச பெங்களூர்க்காரன் யாருன்னு ராத்திரி இந்த வாசல்ல ஜீப்பு வந்து நிக்கும். அதனால சொல்லுகேன், ‘சக்கை வெட்ட’ன்னு எழுது. எழுதினது பொய்யாகப்படாது இல்லியா? பொறத்தால வரிக்கைச் சக்கை ரெண்டு பழுத்து நாலு நாளா அண்டை வீடு வரைக்கும் மணக்கு. தெங்குல காஞ்ச மட்டை தொங்குகு. கையில நல்லெண்ணெய் தடவிக்க, பால் ஒட்டாது. நான் திண்ணையில இருந்து எங்க வெட்டணும்னு சொல்லித் தாறேன்.

போகும்போதுதான் சிக்கல். நீ திருவனந்தபுரத்துல ஏரோப்பிளேன் ஏறுகவன். கைப்பையில கத்தி கொண்டு போகப்படாது. பெட்டியில போட்டு ஏத்தலாம்தான். ஆனா அவன் உள்ள படம் பிடிச்சுப் பாப்பான், தெறக்கச் சொல்லுவான், பத்துப் பேரு நிக்க எடத்துல வெட்டுக்கத்தி, பாளையருவா, கருக்கருவான்னு ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வைப்பான். பக்கத்துல ஒன் ஆபீசுக்காரன் எவனாவது நிப்பான். நமக்கு எதுக்கு அந்த வெப்ராளம்? இங்க வச்சுட்டுப் போ. தட்டட்டி மேல எடம் உண்டு. மாமி வாரம் ஒருக்க எண்ணெய் தடவுவா. ஓணத்துக்கோ பொங்கலுக்கோ வந்தா எறக்கிப் பாத்துக்க. வெட்டுக்கத்தியை மட்டும் மேல ஏத்தாண்டாம், அடுக்களைப் பக்கம் கிடக்கட்டு.

சந்தேகமாப் பாக்காத. அந்தக் காலத்துல மருமக்கள் வழின்னு ஒரு வழக்கம் நமக்கு உண்டு. மாமன் தேடின சொத்து பெத்த பிள்ளைக்கு இல்ல, ஒடப்பெறந்தா மக்களுக்கு. அதுல நடந்த அடிபிடியைக் கேலி பண்ணி நம்ம தேரூர் கவிமணி ஒரு மான்மியமே பாடி வச்சாரு. 1926-ல நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து பிள்ளைகளுக்குப் பங்கு உண்டாச்சு, வழக்கம் ஒழிஞ்சுது. அந்தச் சட்டத்தையும் நான் படிச்சாச்சு மருமவனே. மாமன் சொத்து மருமவனுக்குப் போறதைப் பத்தித்தான் அதுல பேச்சு. மருமவன் சொத்து மாமனுக்கு வாறதைப் பத்தி ஒரு வரி கிடையாது.